ஸ்கி சாமான்களைக் கோடைக்கு எடுத்துவைக்கும்போது செய்யக்கூடாதவை

சுவிஸில் ஏப்ரலோடு பெரும்பாலான மையங்களில் லிஃப்ட் நின்றுவிடும். கடைசி நாள் நனைந்த சாமான்களைப் பையோடு நிலக்கீழ் அறையில் போட்டுவிட்டு, டிசம்பரில்தான் திறக்கிறோம். அதற்குள் பலகையின் எஃகு விளிம்பு துருப்பிடித்திருக்கும், சப்பாத்தின் உள்ளுறை பூசணம் பிடித்து நாறும்.

பலகையைப் பையிலிருந்து எடுத்து, சாதாரணத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, ஓர் இரவு காயவிடுங்கள். அழுத்தமாகப் பீச்சும் குழாயை, சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். உள்ளேயிருக்கும் கிரீஸ் போய் மண் புகுந்துவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அதே வேலையைத்தான் செய்யும். விளிம்பில் லேசான துரு இருந்தால், அதற்கென விற்கும் ரப்பர் கட்டியால் நீளவாக்கில் தேய்த்தால் போதும்.

அடுத்த தவறு, பலகையின் அடிப்பக்கத்தில் மெழுகு பூசாமல் வைப்பது. பூசினாலும் பழக்கதோஷத்தில் உடனே சுரண்டிவிடுவார்கள். கோடை மெழுகு உடனே சுரண்டுவதற்கல்ல. வசந்தகாலப் பனியில் அழுக்கு அதிகம் என்பதால், முதலில் மென்மையான மெழுகை உருக்கித் தடவி, சூடு ஆறுமுன் சுரண்டினால் அழுக்கும் சேர்ந்து வரும். பிறகு 120 முதல் 130 பாகை செல்சியஸில் தடிப்பாக ஒரு பூச்சு, விளிம்பையும் மூடும்படி. அப்படியே விட்டுவிட்டு, சீசன் தொடங்கும்போது சுரண்டலாம். மெழுகு புகைந்தால் சூடு அதிகம். அயர்ன் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் கருகும். வீட்டு அயர்னை எடுக்காதீர்கள். நீராவித் துளைகளில் மெழுகு ஏறினால் அது மறுபடி சட்டைக்கு உதவாது.

இரண்டு பலகைகளையும் நடுவில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், அவற்றின் வளைவு தளர்ந்துபோகும். வெறும் சிமெந்துத் தரை ஈரம் விடும். கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். விழும்போது எவ்வளவு விசையில் சப்பாத்தை விடுவிக்க வேண்டும் என்பதற்காகப் பைண்டிங்கில் வைக்கும் அளவைத் தளர்த்திவைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தளர்த்தியதை மறந்து மலையேறுவதுதான் பெரிய ஆபத்து. அப்படியே விட்டு, இலையுதிர் காலத்தில் கடையில் சோதிப்பது நல்லது. பிள்ளைகளுக்கோ எடையும் உயரமும் கூடியிருக்கும், சப்பாத்தும் மாறியிருக்கும். போன வருட அளவு பெரும்பாலும் பொருந்தாது.

சப்பாத்தின் உள்ளுறையையும் அடித்தாளையும் கழற்றி இரண்டு நாள் அறைக் காற்றில் உலர்த்துங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் உறையின் நுரை உருமாறும். உலர்ந்ததும் திரும்பப் போட்டு, கொக்கிகளைத் தளர்வாக மாட்டுங்கள். திறந்தபடி கிடந்தால் பிளாஸ்டிக் அகன்ற நிலையிலேயே நின்றுவிடும், டிசம்பரில் மூடுவதற்குள் கை வலித்துவிடும்.

உடுப்பில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். கழுவினால் ஜாக்கெட் கெட்டுவிடும் என்று நினைத்து அழுக்கோடு மாட்டிவைப்பது முதலாவது. கழுத்துப் பட்டியில் ஊறிய வியர்வையும் சன் கிரீமும் நீரை உருட்டிவிடும் மேற்பூச்சைச் செயலிழக்கச் செய்யும். ஃப்ளோரின் இல்லாத புதிய பூச்சுகள் எண்ணெய்க்கு இன்னும் சீக்கிரம் தோற்கும். எல்லாப் பையையும் தடவிப் பாருங்கள்: சட்டைக்கைப் பையில் லிஃப்ட் அட்டை, மார்புப் பையில் உதட்டுத் தைலம். தைலம் டிரையரில் உருகினால் கறை லேசில் போகாது. ஜிப், வெல்குரோ எல்லாவற்றையும் மூடி, லேபிளில் வேறு சொல்லாவிட்டால் 30 பாகையில், கொஞ்சம் திரவச் சோப்போடு கழுவி, இரண்டு தடவை அலசுங்கள். பவுடர் வேண்டாம். சாஃப்ட்னர் கூடவே கூடாது. அது துணியில் படிந்து, நீர் ஓடாமலும் வியர்வை வெளியேறாமலும் ஆக்கிவிடும். அடுக்குமாடியின் பொதுச் சலவை அறை என்றால், முன்னவர் ஊற்றிய சாஃப்ட்னர் தட்டில் மிச்சமிருக்கும். அதை முதலில் கழுவுங்கள்.

லேபிள் அனுமதித்தால், காய்ந்த பிறகு மிதமான சூட்டில் இன்னும் 20 நிமிடம் டிரையரில் விடுங்கள். அந்தச் சூடுதான் மேற்பூச்சை மறுபடி எழுப்பும். தண்ணீர் தெளித்துப் பார்த்தும் துணி கறுத்து நனைந்தால் மட்டுமே புதுப் பூச்சு ஸ்ப்ரே தேவை. இறகு ஜாக்கெட்டை இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு, கட்டி கட்டியாக இல்லாமல் முழுதாக உலரும் வரை சுழற்றுங்கள், மணிக்கணக்கில் ஆகும். காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகளில் அடைக்காமல் தொங்கவிடுங்கள்.

ஸ்கி கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தால் பனிமூட்டம் தடுக்கும் பூச்சு போய்விடும், தானாகக் காயவிடுவதே சரி. ஹெல்மெட்டைக் காரின் பின்பெட்டியில் கோடை வெயிலுக்கு விடாதீர்கள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி இருந்தால் அதன் அல்கலைன் பேட்டரிகளை இன்றே கழற்றுங்கள். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும்.