ஈமேக்ஸில் செலக்ட் செய்ததை அழிப்பது எப்படி?

நோட்பேடில் பழகிய கை, ஈமேக்ஸ் (Emacs) என்ற உரை எழுதும் மென்பொருளுக்கு வந்ததும் தடுமாறும் இடம் இது. ஒரு சொல்லை செலக்ட் செய்துவிட்டுப் புதிய சொல்லை அடித்தால் பழையது போகாது, புதியது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மென்பொருளில் கோளாறு இல்லை, அதன் பழக்கமே அப்படி. மாற்றிவிடலாம்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு வெற்றுக் கோப்பில் "நாளை மாலை கூட்டம்" என்று அடியுங்கள். "மாலை"க்கு முன்னால் கர்சரை வைத்து கன்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்தி, வலது அம்புக்குறியால் அந்தச் சொல்லின் கடைசி வரை நகருங்கள். கன்ட்ரோல் + ஸ்பேஸை மொழி மாற்றும் மென்பொருள் பறித்துக்கொண்டால், ஷிஃப்ட் + அம்புக்குறி போதும்.

இப்போது பேக்ஸ்பேஸ். "மாலை" மொத்தமாகப் போய்விடும். 2012-இல் வந்த 24-ஆம் பதிப்பிலிருந்து இப்படித்தான். டெலிட் கீயும் அதையே செய்யும்.

சரி, கன்ட்ரோல் + / அழுத்தி மீட்டு, மறுபடி செலக்ட் செய்து, கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். "நாளை மாலைகூட்டம்" என்று ஆகிவிடும்! செலக்ட் செய்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. கர்சருக்கு அடுத்திருந்த இடைவெளியை மட்டும் தின்றுவிட்டது. அழிக்கும் கீ மூன்றும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு ஆல்ட் + எக்ஸ் அழுத்தி, ஆங்கில எழுத்தில் டெலிட்-செலக்‌ஷன்-மோட் என்று சிறுகோடுகளோடு அடித்து என்டர் தட்டுங்கள். இனி கன்ட்ரோல் + டி செலக்ட் செய்ததையே அழிக்கும். "மாலை"யை செலக்ட் செய்து "காலை" என்று அடித்தால் அதன் இடத்தில் இது உட்காரும். கன்ட்ரோல் + ஒய் போட்டு ஒட்டினாலும் அப்படியே. நிரந்தரமாக்க, ஆல்ட் + எக்ஸ், கஸ்டமைஸ்-வேரியபிள், பிறகு அதே பெயர். வரும் பக்கத்தில் டாகிள் பொத்தானைத் தட்டி, பிறகு அப்ளை அண்ட் சேவ் பொத்தானைத் தட்டுங்கள்.

பேக்ஸ்பேஸில் அழித்ததை கன்ட்ரோல் + ஒய் திருப்பித் தராது. வேறு இடத்தில் ஒட்டப்போகிறீர்கள் என்றால் கன்ட்ரோல் + டபிள்யூ போட்டு வெட்டுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு கொசுறு: எதையும் செலக்ட் செய்யாமல் "கூ"வுக்குப் பின்னால் பேக்ஸ்பேஸ் தட்டினால் "க" மிஞ்சும். முன்னால் நின்று டெலிட் தட்டினால் முழு எழுத்தும் போகும்.

டெலிட்-செலக்‌ஷன்-மோடில் ஒரு ஆபத்தும் உண்டு. ஈமேக்ஸில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், திரும்பி வர வேண்டிய இடத்துக்கு அடையாளமாக கன்ட்ரோல் + ஸ்பேஸைத் தட்டிவிட்டு நகர்வார்கள். அப்போது நடுவில் உள்ள பகுதியெல்லாம் செலக்ட் ஆகியிருக்கும்; ஒரு எழுத்து அடித்தால் அத்தனையும் காலி. அடையாளம் மட்டும் வேண்டுமென்றால் கன்ட்ரோல் + ஸ்பேஸை இருமுறை தட்டுங்கள், எதுவும் செலக்ட் ஆகாது. திரும்பி வர கன்ட்ரோல் + யூ, அப்புறம் கன்ட்ரோல் + ஸ்பேஸ். தெரியாமல் செலக்ட் ஆகிவிட்டால், எதையும் அடிப்பதற்கு முன் கன்ட்ரோல் + ஜி.