மோட்டார்ஹோம் ஃப்ரீசர் கதவு திறக்க மறுத்தால்

ஃப்ரீசரிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கதவைச் சாத்திய உடனே, மறந்துபோன இன்னொன்றை எடுக்கக் கை நீட்டினால் கதவு அசையாமல் நிற்பதும், சற்று நேரம் கழித்துத் தொட்டால் எதுவுமே நடக்காததுபோல் திறந்துகொள்வதும், வீட்டு வசதிகளோடு கூடிய பயண வண்டியான மோட்டார்ஹோமில் பயணம் செய்வோர் பலருக்குப் பழக்கமானவை. கதவை அப்படி இறுக்கிப் பிடிப்பது வெளிக்காற்றின் அழுத்தம். பெரும்பாலான வண்டிகளில் இது பழுதே அல்ல. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் நன்றாக மூடுகிறது என்பதற்கான அடையாளம். உண்மையான பழுது அதற்குப் பிறகு, ஆத்திரத்தில் கைப்பிடியை இழுக்கும்போதுதான் நேர்கிறது.

கதவைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் கனத்த குளிர்காற்று கீழ்ப்பக்கமாக வழிந்து வெளியேற, அதன் இடத்தில் வண்டிக்குள் இருக்கும் வெப்பக் காற்று புகுந்துகொள்கிறது. கதவை மூடிய பின் அந்தக் காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 18 டிகிரியை நோக்கிக் குளிர்ந்து சுருங்குகிறது. பெட்டி முழுவதும் புதுக்காற்றே நிறைந்து, எங்கும் கசிவே இல்லாமல் மூடியிருந்தால், உள்ளழுத்தம் கணக்குப்படி 16 சதவீதம் வரை குறைய வேண்டும். காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிவதால் இன்னும் சற்றுக் குறையும். கேஸ்கெட்டின் ஓரங்களில் காற்று மெல்லக் கசிவதால் நடைமுறையில் அந்த அளவு எட்டப்படுவதில்லை. ஆனால் அவ்வளவு தேவையும் இல்லை. 50 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு கதவுக்கு, வளிமண்டல அழுத்தத்தில் ஒரே ஒரு சதவீத வேறுபாடு என்பது ஏறத்தாழ 18 கிலோ எடை அதை அழுத்திக்கொண்டிருப்பதற்குச் சமம். கைப்பிடி கீலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் அதில் பாதி விசையே போதும் என்றாலும், மெல்லிய பிளாஸ்டிக் கைப்பிடியும் அதைத் தாங்கும் சிறு திருகாணிகளும் நாள்தோறும் அந்த இழுப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே கதவு பிடித்துக்கொண்டால் முதலில் பயணத் தாழைப் பாருங்கள். ஓடும் வண்டியில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கப் பொருத்தப்பட்ட அந்தத் தாழ் பாதி மாட்டிக்கொண்டிருப்பதை, உள்ளழுத்தம் குறைவதால் எழும் உறிஞ்சு விசை என்று எண்ணிப் போராடுவோர் உண்டு. தாழ் விலகியிருந்தால், இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் முயலுங்கள். காத்திருக்க முடியாதபோது, கைப்பிடி இருக்கும் பக்கத்தின் கீழ்மூலையில் கேஸ்கெட்டின் உதட்டை விரல் நுனியால் உங்கள் பக்கமாக மெல்ல மடக்குங்கள்; விரல் நுழையாவிட்டால் காலாவதியான வங்கி அட்டை ஒன்றை அங்கே செருகிச் சற்றுச் சாய்த்தால் போதும். காற்று உள்ளே புகும் மெல்லிய ஓசை கேட்டு அடங்கியதும் கதவு எளிதாக வந்துவிடும். கத்தியும் திருப்புளியும் வேண்டாம். கேஸ்கெட்டில் விழும் ஒரு சிறு கீறல் இன்றைய சிக்கலைத் தீர்த்துவிட்டு, நாளை முதல் உறைபனியையும் மின்செலவையும் கொண்டுவரும்.

காத்திருந்தும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. சில நிமிடங்களில் தளர்வது உறிஞ்சு விசையின் இயல்பு. காலையில் பிடித்த கதவு மாலையிலும் அப்படியே இருந்தால், கேஸ்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே பனிக்கட்டி பிடித்திருக்கக்கூடும், அல்லது சிந்திய ஐஸ்கிரீமோ பழச்சாறோ பிசினாகக் காய்ந்திருக்கக்கூடும். பனிக்கட்டியாக இருந்தால், ஃப்ரீசரை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை விளிம்பு நெடுக ஒற்றி எடுங்கள். கொதிநீரை ஊற்றினால் கேஸ்கெட் உருக்குலையும். கூரான எதையும் கொண்டு பனியைக் குத்தக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் உறிஞ்சல் (absorption) வகை ஃப்ரிட்ஜ்களின் குழாய்களில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் உயர் அழுத்தத்தில் உள்ளன. கம்பிரசர் வகைகள் சிலவற்றில் இருப்பது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். பிசின் ஒட்டலாக இருந்தால் வேலை சுலபம்: மிதமான சோப்பு கலந்த வெந்நீரால் கேஸ்கெட்டின் மடிப்புகளையும் அது பதியும் சட்டத்தையும் துடைத்து, நன்றாக உலர்த்தி, உணவுப் பொருள்களுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸை விரலால் மிக மெல்லியதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் தானே பிசினாகிவிடும்.

நெடுநாளாக ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த கதவு திடீரென இறுகத் தொடங்கினால், ஃப்ரிட்ஜ் எந்த வகை என்று பார்க்க வேண்டும். இரண்டு கதவு உறிஞ்சல் ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் அறைக்குப் பொதுவாக வடிகுழாய் இல்லை. காற்று போய்வரக் கேஸ்கெட்டின் ஓரமே வழி. புதிய கேஸ்கெட் மாற்றிய பிறகு உறிஞ்சு விசை கூடியிருந்தால் அதில் வியப்பில்லை, சில வாரங்களில் ரப்பர் படிந்து தானே தணியும். பெரிய வண்டிகளில் பொருத்தப்படும், பனி படியாத வீட்டு ஃப்ரிட்ஜ்களின் கதை வேறு. அவற்றில் விசிறி ஒன்று புதுக்காற்றைக் குளிர்ச்சுருளின் மேல் செலுத்தி மிக விரைவாகக் குளிர்விப்பதால் உறிஞ்சு விசையும் வலுவாக எழும். உருகும் பனிநீரை வெளியேற்றும் வடிகுழாய்தான் அதை ஓரளவு சமன்செய்கிறது. அந்தக் குழாயில் தூசியோ பனியோ அடைத்தால் கதவு இறுகும், கூடவே ஃப்ரீசரின் தரையில் பனித்தகடும் படியும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, பொருள்களைப் பனிப்பெட்டிக்கு மாற்றி, முழுவதும் உருக விடுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் வடிதுளையில் வெதுவெதுப்பான நீரை, அது கீழ்த்தட்டில் சொட்டும் ஓசை கேட்கும் வரை செலுத்துங்கள். இவ்வகையில் ஒரே குளிர்ச்சுருளைப் பகிரும் இரு அறைகளுக்கும் இடையே காற்றுப் பாதை இருப்பதால், ஃப்ரிட்ஜ் கதவை முதலில் திறந்தாலே ஃப்ரீசர் கதவு பல நேரங்களில் விட்டுக்கொடுக்கும். காசில்லாத வைத்தியம் இது. எதையும் கழற்றுவதற்கு முன் முயன்று பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் ஃப்ரீசருக்கு இல்லாத ஒரு காரணம் மோட்டார்ஹோமுக்கு உண்டு: அது மலையேறி இறங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து 330 மீட்டர் உயரத்திலுள்ள ஃபீனிக்ஸுக்கு இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலை வழியாக இறங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ கால்பங்கு கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அந்தப் பயணத்தில் பெரும்பகுதி கசிந்து சமனாகிவிடும் என்றாலும், நல்ல கேஸ்கெட் உள்ள வண்டியில் எஞ்சியது கதவைப் பிடிக்கப் போதும். இறங்கி நிறுத்திய இடத்தில் முதல் முறை திறக்கும்போது நேராகக் கைப்பிடிக்குப் போகாமல், மூலையில் காற்றை விட்டுத் திறப்பது நல்லது. ஏறும்போது இதற்கு நேர்மாறாக உள்காற்று கதவை வெளியே தள்ளும். அப்போது பயணத் தாழ் அவசியம் பூட்டியிருக்க வேண்டும்.

உறிஞ்சு விசையைக் குறைக்க, உள்ளே புகும் வெப்பக் காற்றைக் குறைப்பதே அடிப்படை. ஃப்ரீசரைக் காலியாக விடாமல் நீர் நிரப்பிய பைகளால் இடத்தை அடைத்தால் மாறும் காற்றின் அளவு குறையும். வண்டிக்குள் ஏசி ஓடினால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து குறைவதால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை தீராதவர்கள் கதவிலோ சுவரிலோ துளையிட நினைப்பதுண்டு. அது கூடாது. சுவருக்குள் குழாய்களும் கம்பிகளும் ஓடலாம் என்பது ஒருபுறமிருக்க, துளை சில நாள்களில் பனியால் அடைபட்டுப் பயனற்றுப் போகும். மைனஸ் 80 டிகிரியில் இயங்கும் ஆய்வக ஃப்ரீசர்கள் பலவற்றில் அழுத்தத்தைச் சமன்செய்யும் துளையைச் சூடேற்றியே வைப்பது இதனால்தான். மாற்றி எடுத்துவிடக்கூடிய வழி ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் தூண்டில் நரம்பில் ஐந்தாறு சென்டிமீட்டர் வெட்டி, கீல் பக்கத்துக் கீழ்மூலையில், கேஸ்கெட் பதியும் சட்டத்துக்குக் குறுக்காக, உள்முனையும் வெளிமுனையும் சற்று நீட்டியிருக்குமாறு ஒட்டுநாடாவால் பொருத்துங்கள். கேஸ்கெட் அதன்மேல் படியும்போது இருபுறமும் மயிரிழை போன்ற இடைவெளி விழும்; சிறிய ஃப்ரீசரின் அழுத்தம் விரைவாகச் சமனாக அதுவே போதும். ஒரு வாரம் கழித்து அந்த மூலையைப் பாருங்கள். அரிசோனாவின் வறண்ட காற்றில் அங்கே எதுவும் படியாமல் இருக்கலாம், ஆனால் ஃப்ளோரிடாவின் வளைகுடாக் கரைபோன்ற ஈரமான இடத்துக்கு வண்டி போனால் விரைவிலேயே பனித்திரள் தோன்றும். அப்போது நரம்பை எடுத்துவிட்டு, அந்த ஊரில் இருக்கும் வரை விரலாலேயே காற்றை விட்டுத் திறந்துகொள்ளுங்கள்.