பொம்மைக் காருக்கு எந்த பேட்டரி?

ரிமோட் கார், பாடி ஆடும் பொம்மை போன்றவை சாதாரண பேட்டரியை வேகமாகத் தீர்த்துவிடும். இவற்றுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரியே சரி. அதில் 1.2 வோல்ட் என்றிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் ஓட ஓட இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் பேட்டரியோ பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

உறையில் எம்ஏஎச் (mAh) அளவை, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். டபுள் ஏ என்றால் 2000, ட்ரிபிள் ஏ என்றால் 800 அளவில் இருந்தால் தாராளம். டபுள் ஏ பேட்டரியில் 4000 என்று அச்சிட்டிருந்தால் நான் தொடவே மாட்டேன்; அது நம்பக்கூடிய அளவல்ல. 'ப்ரீ சார்ஜ்டு' என்று விற்கப்படும் வகை, சும்மா கிடந்தாலும் மாதக்கணக்கில் சார்ஜைப் பெருமளவு காத்துக்கொள்ளும். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். ஒரே பொம்மையில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

சுவர்க் கடிகாரத்துக்குச் சாதாரண பேட்டரியே போதும்.

பட்டன் பேட்டரி போடும் பொம்மைகளில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.