எல்லையோரப் பிள்ளைகள் டிகிரிக்கு விண்ணப்பிக்கும்போது: சான்றிதழ், ஆப்ஷன், அலாட்மென்ட்

மூணாறு, பீர்மேடு, கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்ததும் இரண்டு மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். கேரளத்தில் பல்கலைக்கழகங்கள் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளுக்கு நடத்தும் 'கேப்' சேர்க்கை, தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு டிஎன்இஏ என்ற சேர்க்கை, அரசு கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற சேர்க்கை. மார்க் போதாமல் சீட் போனால் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. நல்ல மார்க் இருந்தும் சான்றிதழாலும், ஆப்ஷன் (விரும்பும் கல்லூரியும் பாடமும்) வரிசையாலும் சீட் போவதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வேலை பெயரைச் சரிபார்ப்பது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா எஸ்' என்றிருக்கும், ஆதாரில் 'கவிதா சண்முகம்' என்றிருக்கும், தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றில் 'எஸ். கவிதா' என்றிருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை எழுத்து பிசகாமல் அடியுங்கள். வெவ்வேறு பெயரில் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் தரும் 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழ் இதற்கென்றே இருக்கிறது. அக்ஷயா என்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே ஊரே நிற்கும். பரீட்சை முடிந்த கையோடு போய்விடுங்கள்.

அடுத்தது நேட்டிவிட்டி, அதாவது பூர்வீகச் சான்று. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு டிஎன்இஏவில் நேட்டிவிட்டி சான்று தேவையில்லை. போடியிலோ உடுமலையிலோ ஹாஸ்டலில் தங்கி அப்படிப் படித்த கேரளப் பிள்ளை விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப்பிரிவில்தான். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு மூணாறில் படித்த பிள்ளையென்றால் தமிழ்நாட்டில் வாங்கிய நேட்டிவிட்டி சான்று கட்டாயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கேரள அரசுப் பள்ளியில் படித்ததை வைத்து அதைக் கேட்க முடியாது.

சாதி இடஒதுக்கீட்டில்தான் எஸ்டேட் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. ஒரு மாநிலத்தின் எஸ்சி, எஸ்டி சான்று அடுத்த மாநிலத்தில் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இலேயே உறுதி செய்துவிட்டது. கேரளத்தில் எஸ்சி சான்று கேட்டால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததா என்று பார்ப்பார்கள். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பத்திடம் அந்தக் காலத்துக் காகிதம் இருக்காது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது, பட்டா கிடையாது. தாத்தாவின் பழைய எஸ்டேட் பதிவு, பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டர் நகல், முன்பே சான்று வாங்கிய பெரியப்பா, சித்தப்பாவின் சான்று என்று எதெல்லாம் கிடைக்கிறதோ அதையெல்லாம் சேர்த்துத் தாலுகா ஆபீசில் கொடுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டிய வேலை இது. ஓபிசி என்றால், வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும் நான்-க்ரீமி லேயர் சான்று வேண்டும். அது ஒப்பிடும்போது சீக்கிரம் கிடைத்துவிடும்.

இனி ஆப்ஷன். பாலக்காட்டுக் கல்லூரிகளுக்குக் காலிகட் பல்கலைக்கழகம், இடுக்கிக்கு எம்.ஜி. பல்கலைக்கழகம், இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். தன்னாட்சிக் கல்லூரிகள் சேர்க்கையைத் தாங்களே நடத்தும், அவற்றுக்கு நேரடியாகப் போட வேண்டும். எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா வேண்டுமென்றால் கேப்பில் பதிந்தால் மட்டும் போதாது, அந்தக் கல்லூரியிலும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

அலாட்மென்ட் (சீட் ஒதுக்கீடு) நடக்கும் விதம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எல்லாரையும் இன்டெக்ஸ் மார்க் (ப்ளஸ் டூ மார்க்கிலிருந்து கணக்கிடும் தரவரிசை மார்க்) வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரின் ஆப்ஷனையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போடுவார்கள். முதல் ஆப்ஷன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல், இரண்டாவது நெம்மாற என்.எஸ்.எஸ். கல்லூரியில் கணிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா கிடைக்காவிட்டால் நெம்மாறயில் உங்கள் இடம் பின்னால் போகாது. அங்கே அந்தப் பாடத்துக்கான உங்கள் இன்டெக்ஸை வைத்துத்தான் பார்ப்பார்கள். 'கிடைக்காததை எதற்கு மேலே வைக்கிறாய்?' என்று இன்டர்நெட் கடையில் சொன்னால் கேட்காதீர்கள். எது வேண்டுமோ அது மேலே. கிடைத்தாலும் போகமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். தமிழ் பி.ஏ. படிக்க ஆசையென்றால் சித்தூர் அரசுக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம்.

ட்ரயல் அலாட்மென்ட் வெறும் ஒத்திகை. அதைப் பார்த்துவிட்டு வரிசையைத் திருத்த அவகாசம் தருவார்கள், கட்டாயம் பயன்படுத்துங்கள். முதல் அலாட்மென்ட் வந்ததும் மேண்டேட்டரி ஃபீஸை (கட்டாயக் கட்டணத்தை) கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தச் சீட் போவதோடு அடுத்த அலாட்மென்டுகளுக்கும் பெயர் இருக்காது. மூன்றாவது ஆப்ஷன் கிடைத்து அதுவே போதும் என்று தோன்றினால், மேலே இருக்கும் இரண்டையும் கேன்சல் செய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் அடுத்த சுற்றில் இரண்டாவது கிடைக்கலாம். அப்போது மூன்றாவது தானாகப் பறிபோகும், கெஞ்சினாலும் திரும்பி வராது. வருஷா வருஷம் கண்ணீரோடு கல்லூரி ஆபீசில் நிற்கும் பெற்றோரில் பலருக்கு நடப்பது இதுதான்.

டிஎன்இஏவில் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். நூற்றுக்குக் கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 86 என்றால் 92, 40, 43 சேர்ந்து 175. கேரள போர்டு மார்க்கைத் தமிழ்நாட்டு மார்க்கோடு சமப்படுத்திய பிறகே ரேங்க் போடுவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், தாராளமாகப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்' போன்றவற்றில் ஒன்றைக் குறித்த நேரத்துக்குள் அழுத்த வேண்டும். மலையில் சிக்னல் போகும் மழைக்காலம் அது. கடைசி நாள் மாலை வரை இழுக்காதீர்கள்.

ஒரு மாநிலத்தில் சேர்ந்த பிறகு அடுத்ததில் நல்ல சீட் வந்தால் டி.சி. திரும்ப வாங்க வேண்டியிருக்கும். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது யுஜிசியின் 2018 அறிவிப்பு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. விலகல் கடிதத்தைக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போர்டு மாறிப் போகிறவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும், அதை டி.சி.யோடு சேர்த்து எடுத்துவையுங்கள்.