மின்சார ஃபர்னஸ் பொருத்துவதும் வயரிங் செய்வதும்: ஆம்ப் கணக்கில் தொடங்கி முதல் சூடு வரை

மின்சார ஃபர்னஸ் என்பது, எலிமெண்ட் என்கிற கம்பிச் சுருள்களால் காற்றைச் சூடாக்கி, டக்ட் என்கிற காற்றுக் குழாய்கள் வழியே விசிறியால் வீடு முழுக்க அனுப்புகிற பெட்டி. அதில் எரிவாயுக் குழாய் கிடையாது, புகைபோக்கி கிடையாது, கார்பன் மோனாக்சைடு பயமும் கிடையாது. அதனால் பொருத்துவது சுலபம் என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். பெட்டியைத் தூக்கி வைப்பது சுலபம்தான். வயரிங் அப்படி இல்லை. வீட்டில் இவ்வளவு கரண்டை இவ்வளவு நேரம் விடாமல் இழுக்கிற சாமான் வேறு அநேகமாக இருக்காது. கடும் குளிர் ராத்திரியில் 40 ஆம்ப், 80 ஆம்ப் என்று மணிக்கணக்கில் ஓடும். எலிமெண்டில் மட்டும் வரவேண்டிய சூடு, தளர்ந்த ஸ்க்ரூவிலோ மெலிந்த வயரிலோ வந்தால் தீப்பிடிக்கும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அதைத் தடுக்கிற வழிதான்.

இது அமெரிக்க வீடுகளில் வருகிற 240 வோல்ட் ஃபர்னஸைப் பற்றியது, விதிகளும் அங்குள்ள என்இசி மின் விதித் தொகுப்பை ஒட்டியவை. உங்கள் ஊரில் வீட்டுக்காரரே இந்த வேலையைச் செய்ய அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால் பெர்மிட் எடுங்கள், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும். மெயின் பேனலுக்குள் (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கைவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் டக்ட், தெர்மோஸ்டாட் வேலையைத் தாங்களே செய்துவிட்டு, பேனல் இணைப்பை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும், தெருவிலிருந்து வரும் வயர் வந்து சேரும் லக்குகளில் (வயரை ஸ்க்ரூவால் இறுக்கும் உலோகப் பிடிகள்) மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

எத்தனை கிலோவாட், எத்தனை ஆம்ப்

1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). பழைய கேஸ் ஃபர்னஸில் 80,000 பிடியு என்று எழுதியிருக்கிறது, அதே அளவு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது உள்ளே போகிற எரிவாயுவின் அளவு. 80 சதவீதத் திறன் என்றால் வெளியே வருவது 64,000தான், அதுவும் பல வீடுகளில் தேவைக்கு அதிகமாகவே வாங்கி வைத்திருப்பார்கள். சுவர், ஜன்னல், இன்சுலேஷன் எல்லாம் பார்த்து வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு அதன்படி வாங்குங்கள். இங்கே கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு 5 கிலோவாட்டும் பேனலில் இன்னொரு 20.8 ஆம்ப்.

கணக்கு எளிது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். 10 கிலோவாட்டுக்கு 41.7 ஆம்ப். புளோவர் (விசிறி) மோட்டார் ஒரு 4 ஆம்ப் என்று வைத்தால் 45.7. ஆனால் நிலையாகப் பொருத்திய ஹீட்டரைத் தொடர் சுமையாக, அதாவது மணிக்கணக்கில் விடாமல் ஓடுவதாக, எடுக்கவேண்டும் என்பது விதி, அதனால் இதை 1.25ஆல் பெருக்குங்கள்: 57.1 ஆம்ப். ஆக 60 ஆம்ப் பிரேக்கர். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் குறைந்தபட்ச சர்க்யூட் ஆம்ப், அதிகபட்ச பிரேக்கர் அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் தகடு சொல்வதே முடிவு.

15, 20 கிலோவாட் என்று போனால் ஒரே பெரிய பிரேக்கர் போட்டு முடிக்க முடியாது. எலிமெண்ட் சுமை 48 ஆம்புக்கு மேல் போனால் பிரிக்கவேண்டும், பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் 60 ஆம்புக்கு மேல் பாதுகாப்பு வைக்கக்கூடாது. அதனால்தான் 15 கிலோவாட் பெட்டிக்கு வழக்கமாக ஒரு 60, ஒரு 30 என்று இரண்டு சர்க்யூட் கேட்பார்கள், 20 கிலோவாட்டுக்கு இரண்டு 60. இதை மறந்தே போகக்கூடாது, ஏனென்றால் ஒரு பிரேக்கரை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதி பெட்டி உயிரோடு இருக்கும்.

வீட்டுக்கு வரும் மொத்த சர்வீஸையும், அதாவது தெருவிலிருந்து வீடு மொத்தமும் எத்தனை ஆம்ப் எடுக்கலாம் என்பதையும், பாருங்கள். 20 கிலோவாட் ஃபர்னஸ் தனியாகவே 87 ஆம்ப் கிட்ட இழுக்கிறது. 100 ஆம்ப் சர்வீஸில் அடுப்பு, டிரையர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் மின்சாரத்தில் என்றால் இது நடக்காத காரியம். சர்வீஸைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஹீட் பம்ப் (வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் கருவி) வைத்து எலிமெண்டைச் சின்னதாக்க வேண்டும். இதை ஃபர்னஸ் வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வயர்

இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 60 ஆம்ப் என்றால் 6 கேஜ் செம்பு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண், எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). ஆனால் அந்த 6 கேஜை நீங்கள் எந்த உருவில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது தாங்கும் ஆம்ப் மாறும். பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரண என்எம்-பி கேபிள் என்றால் 60 டிகிரி சென்டிகிரேட் அட்டவணைப்படி 55 ஆம்ப்தான், நமக்குத் தேவை 57.1. ஆகாது. 4 கேஜ் கேபிள் எடுக்கவேண்டும். அதே 6 கேஜ் தனித்தனி டிஎச்எச்என் வயராக (ஒரே உறைக்குள் சேர்க்காத இன்சுலேஷன் வயர்) கான்ட்யூட் குழாய்க்குள் போய், இரு முனையிலும் 75 டிகிரிக்கான டெர்மினல் இருந்தால் 65 ஆம்ப் வரை சரி. கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வராமல், கேபிள் வகை, டெர்மினலின் டிகிரி இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 30 ஆம்ப் சர்க்யூட்டுக்கு 10 கேஜ் செம்பு போதும்.

அலுமினியம் மலிவு, விதியும் அனுமதிக்கிறது. ஆனால் இன்னும் தடித்த வயர் வேண்டும், லக்கில் அலுமினியத்துக்கும் ஏற்றது என்ற குறி இருக்கவேண்டும். முடிந்தவரை செம்பே போடுங்கள் என்பேன்.

பெட்டியை வைப்பது

மட்டம் பார்த்து, அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பட்டை வைத்து நிறுத்துங்கள். முன்பக்கம் ஆள் நின்று எலிமெண்டை வெளியே இழுக்க இடம் வேண்டும். காற்று எந்தத் திசையில் போகவேண்டும் என்று மாடலுக்கு மாடல் மாறும், சிலது மேல்நோக்கி மட்டும்தான், கையேட்டைப் பாருங்கள். டக்ட் இணைப்புகளை மாஸ்டிக் பசை பூசி அடையுங்கள், துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். வீட்டுக் காற்றைப் பெட்டிக்குத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்டைக் குறுக்கிவிடாதீர்கள்: காற்று குறைந்தால் எலிமெண்ட் சூடேறி லிமிட் ஸ்விட்ச் (சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டுவது) வெட்டி வெட்டிச் சேரும், கடைசியில் அதிக சூட்டில் உருகி வெட்டும் ஃபியூஸ் லிங்க் உருகிப்போகும்.

பெரிய வயர் இணைப்பு

பேனலை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டு, மல்டிமீட்டரால் சரிபாருங்கள். முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள், பிறகு நீங்கள் தொடப்போகும் இடத்தில், மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில். மீட்டரே கெட்டுப்போயிருந்தால் அது காட்டும் பூஜ்யத்துக்கு அர்த்தமில்லை. ஃபர்னஸ் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே ஒரு டிஸ்கனெக்ட் (மின்சாரத்தை முழுதாக வெட்டும் ஸ்விட்ச்) இருக்கவேண்டும், சில பெட்டிகளில் அது உள்ளேயே பிரேக்கராக வரும்.

ஃபர்னஸுக்கு இரண்டு ஹாட் (மின்சாரம் வரும்) வயர், ஒரு எர்த், அவ்வளவே. நியூட்ரல் பொதுவாக வேண்டாம். கேபிளில் வெள்ளை வயரை ஹாட்டாகப் பயன்படுத்தினால் இரண்டு முனையிலும் கறுப்பு டேப் சுற்றுங்கள், நாளைக்குத் திறப்பவர் அதை நியூட்ரல் என்று நினைக்கக்கூடாது.

இப்போது லக். இன்சுலேஷனை லக்கின் ஆழத்துக்கு மட்டும் உரியுங்கள். அதிகம் உரித்தால் செம்பு வெளியே தெரியும், குறைவாக உரித்தால் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கடிக்கும், பார்க்க இறுக்கமாக இருக்கும், செம்பைத் தொட்டிருக்காது. ஓர் இழைகூட வெட்டுப்படாமல், வெளியே பிரியாமல் உள்ளே போகட்டும். பிறகு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கும் விசையை அளந்து இறுக்குவது), லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். கை சொல்கிற இறுக்கத்தை நம்பவேண்டாம். அந்த இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலும் 40 ஆம்ப் போகும்போது 80 வாட் சூடு அங்கே பிறக்கும். ஒரு பழைய குண்டு பல்பு கொடுக்கிற சூட்டை பிரேக்கரின் பிளாஸ்டிக்குக்குள் வைத்த மாதிரி. இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

24 வோல்ட் பக்கம்

தெர்மோஸ்டாட் போன்ற கட்டுப்பாட்டு வயரிங் 24 வோல்ட்டில் ஓடும். அதைக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் (மின்சாரம் நுழையும் பக்கம்) 208, 240 என்று இரண்டு முனை இருக்கும். 240 வோல்ட் வீட்டில் வயர் 208இல் இருந்தால் செகண்டரியில் (வெளியே வரும் பக்கம்) 24க்குப் பதில் 27, 28 வோல்ட் வரும். சரியான முனைக்கு மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டிலிருந்து வருபவற்றில் ஆர் என்பது 24 வோல்ட், சி அதன் மறுமுனை, டபிள்யு சூட்டுக்கு, ஜி விசிறிக்கு, ஒய் குளிர்சாதனத்துக்கு. பழைய வயரிங்கில் நிறத்தை நம்பாதீர்கள், எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டில் கேஸ், எலக்ட்ரிக் என்று ஒரு தேர்வு இருந்தால் எலக்ட்ரிக்கில் வையுங்கள், அப்போதுதான் சூடு கேட்கும்போதே ஜி மூலமாக விசிறியும் ஓடும்.

எலிமெண்ட்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பது சீக்வென்சர். 24 வோல்ட் உள்ளே ஒரு சின்ன ஹீட்டரைச் சூடாக்கும், உலோகத் தகடு வளைந்து கான்டாக்ட் சேரும். பல சீக்வென்சர்கள் இரண்டு ஹாட்டில் ஒன்றை மட்டுமே வெட்டுகின்றன. தெர்மோஸ்டாட்டை அணைத்தாலும், எலிமெண்ட் குளிர்ந்திருந்தாலும், அதைத் தொட்டால் 120 வோல்ட் அடிக்கும் என்று அர்த்தம். பிரேக்கரை அணைக்காமல் உள்ளே விரல் போகக்கூடாது.

முதல் ஓட்டம்

மின்சாரம் கொடுக்கும் முன், ஒரு வயரைக் கழற்றி எலிமெண்டின் ஓம் பாருங்கள்: 5 கிலோவாட் எலிமெண்ட் என்றால் 11.5 ஓம் பக்கத்தில் இருக்கும். அதன் முனைக்கும் பெட்டியின் உடம்புக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது, காட்டினால் பீங்கான் தாங்கி உடைந்து கம்பி தகரத்தைத் தொடுகிறது. பிறகு வயரை மாட்டி, முதலில் விசிறியை மட்டும் ஓட்டுங்கள். சரியென்றால் சூட்டைக் கேளுங்கள். கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்ப் அளப்பது) ஹாட் வயரில் மாட்டிக் காத்திருந்தால் கரண்ட் படிப்படியாக ஏறுவது தெரியும், ஒரு எலிமெண்டுக்கு 20 ஆம்ப் சொச்சம் வீதம். ஒரு படி வராமல் போனால் அந்த சீக்வென்சரையோ லிமிட்டையோ பாருங்கள். முதல் சூட்டில் எண்ணெய் கருகுகிற வாடை சிறிது நேரம் வரும், ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடும். பிளாஸ்டிக் கருகுகிற வாடை என்றால் உடனே அணையுங்கள்.

கால் மணி நேரம் ஓடிய பிறகு ரிட்டர்ன் காற்றுக்கும் சப்ளை காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளந்து பாருங்கள். 10 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்று போனால் 32 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு ஏறும். தகட்டில் சொன்னதைவிட அதிகம் ஏறினால் காற்று போதவில்லை: ஃபில்டர், மூடியிருக்கும் வென்ட், விசிறி வேகம் என்று வரிசையாகப் பாருங்கள். அப்புறம், இரண்டு சர்க்யூட் உள்ள பெட்டி என்றால், பேனலில் ஃபர்னஸ் 1, ஃபர்னஸ் 2 என்று இரண்டு பிரேக்கருக்கும் பெயர் எழுதுங்கள், ஃபர்னஸின் மூடியிலும் இரண்டையும் அணைக்கவேண்டும் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.