உப்புக்காற்றில் நிற்கும் எஸ்யூவி: வீல் மாற்றும்போது செய்யக்கூடாதவை

மே கடைசியில் குமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் டயர் கடையில் நெரிசல் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் திறக்கும் முன், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடிக்கும் முன் டயரை மாற்றிவிட வேண்டும் என்கிற அவசரம். புதிதாக எஸ்யூவி வாங்கியவர்களும், புதிதாக வேலைக்கு வந்த பையன்களும் அதே பிழைகளைச் செய்வார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான். மொட்டை டயரோடு மழையில் போகக்கூடாது என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது தெரியாதவர் யாரும் இல்லை.

விளக்கு எரியவில்லையே என்று இருப்பது

டயர் பிரஷர் மானிட்டர் உள்ள வண்டி வாங்கியதும் பலர் காற்று பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் விதித்த அளவிலிருந்து 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் அந்த மஞ்சள் விளக்கு எரியும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கினாலும் அது வாய் திறக்காது. ஆரல்வாய்மொழி பக்கம் மழையில் எண்பதில் போகும்போது, அந்த 27 தண்ணீர்மேல் மிதக்கத் தயாராக இருக்கும்.

எவ்வளவு காற்று என்பதை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து 44, 50 என்று அடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு. திருவனந்தபுரம் போய்விட்டு வந்த சூட்டோடு 33 வைத்தால், மறுநாள் மழைக்காலையில் 29 காட்டும். அப்புறம் மானிட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்கு வருவார்கள்.

மின்னுகிற வால்வு மூடி

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆன்லைனில் சிவப்பு, நீலம், கார் கம்பெனி முத்திரை போட்டது என்று உலோக வால்வு மூடிகள் கிடைக்கின்றன. நாலும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடியும். புது வண்டிக்கு முதல் அலங்காரமே அதுதான்.

உங்கள் ரிம்மில் நீட்டிக்கொண்டிருக்கிற வால்வைக் குனிந்து பாருங்கள். கறுப்பு ரப்பராக இருந்தால் பெரிய கவலை இல்லை. வெள்ளி நிறத்தில், அடியில் ஒரு நட்டு போட்டு இறுக்கியிருந்தால் அது அலுமினியம். அதன் உள்முனையில்தான் காற்றை அளந்து மானிட்டருக்குச் சொல்கிற சென்சார் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தோடு பித்தளை சேர்ந்து, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். பேட்டரிக்குள் நடக்கிற அதே வேலை. மேலே முலாம் பூசியிருந்தாலும் மரை பகுதியில் அது சீக்கிரம் போய்விடும். மூடியும் அலுமினியமாக இருந்தால்? அப்போதும் உப்புப் பூத்து இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடிக்கு இந்த வம்பு எதுவும் கிடையாது. கம்பெனிக்காரன் பிளாஸ்டிக் மூடி போட்டுத் தருவது காசு மிச்சம் பிடிக்க அல்ல.

மலைப்பக்கம், குலசேகரம், திற்பரப்பு ஆட்களுக்கு இது மெதுவாக வரும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். குளச்சல் பக்கத்து வீடு ஒன்றில், துபாயிலிருந்து வருகிற மகனைக் கூட்டிவர விடியற்காலையில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் பங்க்கில் காற்று பிடிக்க நிறுத்தினால், மூடி அசையவில்லை. "அண்ணாச்சி, எளக மாட்டேங்கு" என்று சொன்ன பையன், அதோடு விட்டிருக்கலாம். கட்டிங் பிளேயரைப் போட்டுத் திருகிவிட்டான். மூடியோடு வால்வும் ஒடிந்து அவன் கையில் வந்தது. டயர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அங்கே குற்றம் அந்தப் பையனுடையது மட்டும் அல்ல. டயரைக் கழற்றிப் பார்த்தபோது ஒடிந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. மற்ற மூன்று சக்கரங்களிலும் அதே கதைதான். இருநூறு ரூபாய் அலங்காரத்துக்கு, ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள சென்சார்கள்.

இறுகிவிட்டால் முறுக்காதீர்கள். துருநீக்கி எண்ணெய் அடித்து நேரம் கொடுங்கள். வராவிட்டால் கடையில் மூடியை மட்டும் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கிற சின்ன ஊசியான வால்வு பின்னும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். பங்க்சர் கடை டப்பாவில் கிடக்கிற சாதா பித்தளைப் பின்னை மாட்டிவிட்டால், மூடி செய்கிற அதே நாசத்தை அது உள்ளிருந்து செய்யும். டயர் மாற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி நாலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். "வளையம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி சரியாக அடைக்காது; வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டே இருக்கும், பங்க்சரும் கிடைக்காது.

பழைய அலாயோடு சென்சாரையும் விற்பது

பெரிய அலாய் மாட்டும் ஆசையில் பழைய வீல்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, வண்டி எடுத்ததும் விளக்கு சிமிட்டுகிறது என்று வந்து நிற்பார்கள். சென்சார் நாலும் பழைய ரிம்மோடு போய்விட்டது. விலை பேசும்போதே சென்சாரைக் கழற்றித் தரச் சொல்ல வேண்டும். அவற்றின் பேட்டரி உள்ளேயே அடைத்தது, மாற்ற முடியாது. ஆயுள் பொதுவாக 5 முதல் 10 வருஷம். பழசாகிவிட்டதென்றால் அந்தச் சமயத்திலேயே புதிது போட்டுவிடுவது லாபம், இல்லாவிட்டால் டயர் கழற்றுகிற கூலி இரண்டு தடவை.

சில வண்டிகளில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துத்தான் காற்று குறைவைக் கண்டுபிடிக்கும். அதில் நாலு டயரிலும் காற்று சரியாக வைத்த பிறகுதான் ரீசெட் செய்ய வேண்டும். காற்று குறைந்திருக்கும்போது, விளக்கு தொந்தரவு என்று ரீசெட்டை அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே அது சரி என்று எடுத்துக்கொள்ளும்.

கனடா மருமகன் சொன்ன விண்டர் டயர்

அது குளிர் 7 டிகிரிக்குக் கீழே போகிற ஊர்களுக்கு. நாகர்கோவிலுக்கு அல்ல.

பங்க்சர் திரவம்

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றுகிற திரவத்தில் மானிட்டருக்கு ஆகாததை ஊற்றினால் சென்சார் துளை அடைத்துக்கொள்ளும்.

ஸ்டெப்னி

பெரும்பாலும் அதில் சென்சார் இருக்காது, மாட்டினால் விளக்கு எரியத்தான் செய்யும். 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும் மானிட்டரும் பங்க்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆகவே புது வண்டி எடுக்கும்போது டிக்கியைத் தூக்கிப் பாருங்கள். இருந்தால், மானிட்டர் பார்க்காத அந்த ஐந்தாவது டயருக்கும் மாதம் ஒருமுறை காற்று பாருங்கள்.

நட்டு

வேறு கம்பெனி அலாய்க்குப் பழைய நட்டு உட்காராமல் போகலாம். கூம்பு வடிவக் குழிக்குக் கூம்பு நட்டு, உருண்டைக் குழிக்கு உருண்டை நட்டு. ரிம்மின் நடு ஓட்டை, வண்டியில் சக்கரம் உட்காருகிற நடுமுனையான ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்ஸிங் செய்தாலும் போகாது. காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க விடாதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்), எதிர் எதிராக இறுக்க வேண்டும். புது வீல் போட்டு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வந்து சரிபார்த்துப் போங்கள்; அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.