மனச்சோர்வுக்கு யோகா: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சி முடித்துப் புதிதாக வரும் ஆசிரியர்கள் மனச்சோர்வு உள்ளவர்களை விரிப்பில் உட்கார வைத்ததும் செய்யும் தவறுகள் ஒரே அச்சில் வார்த்தவை. எல்லாமே ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான். சாப்பிட்டவுடன் ஆசனம் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

யோகாவை நம்பி மாத்திரையை நிறுத்த விடுவது

இன்றும் கோபத்தை வரவழைப்பது இதுதான். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: மருத்துவர் எஸ்ஸிட்டாலோபிராமோ செர்ட்ராலினோ ஏதோ ஒரு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். அது முழுதாக வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில், "மாத்திரை கேட்கவில்லை" என்ற ஏமாற்றத்தோடு நோயாளி வகுப்பில் சேர்கிறார். இரண்டு வாரத்தில் தூக்கம் வருகிறது, பசி எடுக்கிறது. அந்த முன்னேற்றத்தில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெயர் முழுக்க யோகாவுக்குப் போய்விடுகிறது. மாத்திரை அட்டை பாதியோடு அலமாரிக்குப் போகிறது.

இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கெட்ட கனவுகள் எல்லாம் வரும். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் வரும் அறிகுறிகள் இவை. ஆனால் ஆசிரியர், "உடம்புல இருக்கற நச்சு வெளியேறுது, கொஞ்சம் தாங்கிக்கோங்க" என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் ஆன கேடு கொஞ்சநஞ்சமல்ல.

பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் போன்றவற்றை விட்டால் இந்த அறிகுறிகள் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். ஃபுளுவாக்ஸிடின் உடம்பில் பல நாள் தங்கும். அதனால் ஒன்றுமே ஆகாததுபோலத் தோன்றும். எந்த மாத்திரையானாலும் உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். நோய் பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில் திரும்புகிறது. அதற்குள் அட்டையை அலமாரியில் வைத்த நாளை எல்லோரும் மறந்திருப்பார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வதும், பிறகு படிப்படியாகக் குறைப்பதும் இதனால்தான்.

மாத்திரை தேவையில்லை என்பவர்கள் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை 2000-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். தீவிர மனச்சோர்வோடு உள்நோயாளிகளாக இருந்த 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 4 வாரம் பார்த்தார்கள். குணமடைந்தவர்கள் மின்அதிர்வு சிகிச்சையில் 93 சதவீதம், இமிப்ரமின் மாத்திரையில் 73, சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியில் 67. நல்ல செய்திதான். ஆனால் குழுவுக்கு 15 பேர்தான், அவர்களும் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்கள். மொட்டைமாடி வகுப்பில் அந்தப் பாதுகாப்பு ஏது? கனடாவின் 2016 மனநல வழிகாட்டுதல்களும் லேசான, நடுத்தர மனச்சோர்வில் யோகாவை மற்றச் சிகிச்சையோடு சேர்க்கும் துணையாகவே வைத்தன.

சேரும் நாளிலேயே மாத்திரையின் பெயர், அளவு, எப்போதிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். வாராவாரம் கேளுங்கள். "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

கண்ணை மூடிய நீண்ட சவாசனம்

மற்றவர்களுக்கு 15 நிமிடச் சவாசனம் ஓய்வு. மனச்சோர்வில் இருப்பவருக்கு அது பழைய நினைப்புகளோடு தனியாகப் பூட்டி வைத்ததுபோல. முகத்தைப் பாருங்கள்: தாடை இறுகியிருக்கும், கண்ணோரத்து நீர் காதுப்பக்கம் இறங்கும். 3 அல்லது 4 நிமிடம் போதும். கண் பாதி திறந்து கூரையைப் பார்க்கட்டும், கால் இரண்டும் நாற்காலி மேல் இருக்கட்டும். உங்கள் குரல் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். அதுவும் முடியாதவருக்குச் சவாசனத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தபடி பிராமரி (வண்டுபோல் முரன்றபடி மூச்சு விடுவது) 5 சுற்று கொடுங்கள். வண்டின் ஒலி ஓடும்போது நினைப்புக்கு இடம் குறைவு.

வேகமான மூச்சை எல்லோருக்கும் கொடுப்பது

கபாலபாதி, பஸ்திரிகாவுக்கு முன் ஒரு கேள்வி அவசியம்: "எப்பவாவது நாலஞ்சு நாள் தூக்கமே இல்லாம, ஆனா களைப்பும் இல்லாம, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காம இருந்தீங்களா?" ஆமாம் என்றால் அது இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கலாம். வேகமூச்சு மனஎழுச்சியைத் தூண்டக்கூடும். அவருக்கு அது வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பதற்றம் உள்ளவர்களுக்கு வேறு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், உதடு மரக்கும், விரல்கள் குறுகுறுக்கும். மாரடைப்பு என்று பயந்துபோவார்கள்.

அதற்குப் பதில் மெதுவான மூச்சு: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது) வேண்டாம். முதல் வாரம் 3 நிமிடம், பிறகு மெல்ல 10 நிமிடம் வரை.

சட்டென்று எழச் சொல்வது

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கு எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும். உத்தானாசனத்திலிருந்து (நின்றபடி முன்னால் குனிவது) சுவரைப் பிடித்து மெதுவாக எழட்டும்.

லித்தியம் எடுப்பவருக்குச் சூடான அறை

கூடவே கூடாது. லித்தியம் இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகும்.

காலை 5 மணி வகுப்பு

தீவிர மனச்சோர்வில் பலருக்கு விடியற்காலைதான் நாளின் மோசமான நேரம். இரண்டு நாள் எழ முடியாது, மூன்றாம் நாள் குற்றவுணர்ச்சியில் நின்றுவிடுவார். காலை 10:30 அல்லது மாலை வையுங்கள்.

"பாசிட்டிவா நினைங்க"

சொல்லாதீர்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்காமல் விடுவது

கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தவறானது. மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பும் முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று தனியாக, நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைய பயிற்சி அத்தோடு நிற்கட்டும். வீட்டாரைக் கூப்பிடுங்கள், மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆள் வந்து சேரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.